பெருங்களத்தூரில் பிறந்த கார்: ஹெரால்டு, அன்றும் இன்றும்

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகிறவர்களிடம் பெருங்களத்தூர் என்று சொன்னால் மேம்பாலம் நினைவுக்கு வரும், பொங்கல் தீபாவளி நெரிசல் நினைவுக்கு வரும், சாலையோரம் எழுந்து நிற்கும் ஐ.டி. பூங்கா நினைவுக்கு வரும். அறுபது வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் பதில் வேறு: "ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்த ஊர்."

சென்னையைக் கார் நகரம் என்று பேசும்போது நாம் 1990களில்தான் கதையைத் தொடங்குகிறோம். மறைமலை நகருக்கு ஃபோர்டு வந்தது, இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது என்று வரிசைப்படுத்துகிறோம். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடைப்பட்ட ஆலையிலிருந்து கார்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. அந்த ஆலை இன்று இல்லை. அங்கே செய்த கார்களில் சில மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை மீட்டெடுத்து ஓட்டுகிறவர்கள் பழைய வண்டிப் பித்தர்கள் மட்டுமல்ல. இந்த ஊரின் தொழில் வரலாற்றைச் சாலையில் வைத்திருப்பவர்கள். அப்படித்தான் நான் அவர்களைப் பார்க்கிறேன்.

ஆலை: அன்று

யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) என்ற சென்னை நிறுவனமும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 1948இல் தொடங்கியது 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா'. அடுத்த ஆண்டே உற்பத்தி தொடங்கியது. தொடக்கத்தில் கப்பலில் வந்து இறங்கும் பாகங்களைப் பூட்டிக் காராக்கும் வேலைதான். வேன்கார்டு, எட்டு, பத்து, பென்னன்ட் என்று ஒவ்வொன்றாக வந்தன.

1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரை ஒரு கோடு போட்டது. இந்தியாவில் படிப்படியாக முழுக் காரையும் செய்யும் திட்டம் உள்ளவர்கள் இருக்கலாம். பூட்டி விற்க மட்டும் வந்தவர்களுக்கு இடமில்லை. 1954இல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. அதன்பின் பல ஆண்டுகளுக்கு இந்தியர்கள் வாங்கக்கூடிய கார்கள் பெரும்பாலும் மூன்றே. உத்தரபாராவிலிருந்து அம்பாசிடர், பம்பாய் குர்லாவிலிருந்து ஃபியட், பெருங்களத்தூரிலிருந்து ஸ்டாண்டர்டு.

1961இல் இங்கே தொடங்கியது ஹெரால்டு. 1959இல் இங்கிலாந்தில் அதே ஸ்டாண்டர்டு நிறுவனம் 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' என்று அறிமுகப்படுத்திய கார் இது. உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜொவானி மிக்கெலோட்டி. இந்தக் காரின் அமைப்புக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கார் உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ, போட்டி நிறுவனமான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆளில்லை. அதனால் உடலைப் பல துண்டுகளாகச் செய்து, தனியாக நிற்கும் சேஸிஸ் மீது போல்ட் போட்டு இணைக்கும்படி வடிவமைத்தார்கள். முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு, கூரை தனி.

இங்கிலாந்தில் வேறு வழியின்றிச் செய்தது சென்னைக்குப் பெரும் வசதியாக அமைந்தது. ராட்சத அச்சு இயந்திரங்கள் இல்லாத நாட்டில் துண்டு துண்டாகச் செய்து பூட்டக்கூடிய காரைத்தான் விரைவில் உள்நாட்டுமயமாக்க முடியும். அறுபதுகளின் நடுவிலேயே ஹெரால்டு ஏறத்தாழ முழுக்க இந்தியப் பாகங்களால் ஆனது. எஞ்சின் மட்டும் 948 சி.சி. அளவிலேயே நின்றது. இங்கிலாந்தில் 1147, 1296 என்று வளர்ந்தபோதும் இங்கே மாறவில்லை.

ஆனால் பெருங்களத்தூர் பொறியாளர்கள் வெறும் நகல் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. 1966இல் மார்க் 2 வந்தது. 1968இல் வந்த மார்க் 3க்கு நான்கு கதவுகள். இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு விற்பனைக்கு வந்ததே இல்லை. பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து ஏறும் நம் குடும்பங்களுக்கு, முன் இருக்கையை மடக்கிப் பின்னால் நுழைவது ஒத்துவராது என்று தெரிந்து செய்த மாற்றம் அது. இங்கிலாந்தில் 1971இல் ஹெரால்டு நின்றுபோனது. இங்கே 1972இல் அதே காரைப் புதுப்பித்து 'கேசெல்' என்று கொண்டுவந்தார்கள். நம் மெக்கானிக்குகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் பிடிபடாத பின்பக்க ஊசல் அச்சை எடுத்துவிட்டு, சாதாரண அச்சைப் பொருத்தினார்கள்.

ஆலை: இன்று

கேசெல் 1977இல் நின்றது. பிறகு சில ஆண்டுகள் ஆலையில் கார் இல்லை. 1985இல் நிறுவனம் கடைசி முயற்சியாக 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரை இறக்கியது. உடல் ரோவர் எஸ்.டி.1, 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது பெற்றது. உள்ளே வைத்ததோ வேன்கார்டு காலத்து 1991 சி.சி. எஞ்சின். பெரிய உடல், பழைய எஞ்சின், அதிக விலை, அதிகப் பெட்ரோல். 1983 டிசம்பரிலேயே மாருதி 800 வந்து இந்திய வாங்குபவரின் கணக்கை மாற்றியிருந்தது. 1988இல் உற்பத்தி நின்றது. மிச்சமிருந்த ரோவர் பாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரிபாக நிறுவனம் வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போனது. 2006இல் நிறுவனம் முறைப்படி கலைக்கப்பட்டது.

ஆலை நின்ற நிலத்தில் இப்போது 'ஸ்ரீராம் கேட்வே' என்ற ஐ.டி. வளாகமும் அடுக்குமாடி வீடுகளும் இருக்கின்றன. பேரூராட்சியாக இருந்த பெருங்களத்தூர் 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. தென் மாவட்டங்களுக்குப் போகும் பேருந்துகளைப் பிடிக்க இங்கே கூடிய கூட்டத்தில் பெரும்பகுதி, 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் அங்கே நகர்ந்துவிட்டது. இந்த வளர்ச்சியில் எனக்கு வருத்தமில்லை. அன்று ஆலை சோறு போட்ட நிலம் இன்று வேறு ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுகிறது. வருத்தம் ஒன்றுதான்: இந்தியச் சாலைகளுக்காக ஒரு காரைத் திருத்தி அமைத்த இடம் இது என்பது அங்கே தினமும் வேலைக்கு வரும் பெரும்பாலான இளைஞர்களுக்குத் தெரியாது.

உரிமையாளர்கள்: அன்று

அறுபதுகளில் கார் வாங்குவது கடைக்குப் போய்ப் பணம் கட்டி ஓட்டிவரும் காரியமல்ல. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விலையை அரசு கட்டுப்படுத்தியது. கார் கையில் கிடைத்தவர் அதை வாங்கிய விலையைவிட அதிகத்துக்கு விற்க முடிந்த காலம் அது.

ஹெரால்டைத் தேடி வாங்கியவர்களில் மருத்துவர்கள், வக்கீல்கள், பேராசிரியர்கள் அதிகம். அம்பாசிடர் கூட்டுக் குடும்பத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் ஏற்றது. ஹெரால்டு தானே ஓட்டிக்கொள்ளும் ஆளுக்கு ஏற்றது. வெறும் 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துத் திரும்பும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிச் சந்துகளில் வீடு வைத்திருந்தவருக்கு இந்த ஒரு குணமே போதும். எஞ்சின் மூடி, முன்சக்கரங்களின் மேற்கூடு, முகப்பு விளக்குகள் எல்லாம் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம்.

அந்தக் காலத்து ஆர்.சி. ஒரு சிறு புத்தகம். ஒவ்வொருமுறை கைமாறும்போதும் புதிய உரிமையாளரின் பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கையால் எழுதி முத்திரை குத்துவார்கள். வண்டி மீது கடன் இருந்தால் அதுவும் ஏறும். நிறம் மாறினால் அதுவும் ஏறும். 'எம்.எஸ்.' என்று தொடங்கும் மூன்றெழுத்துப் பதிவெண் கொண்ட சென்னைக் கார் ஒன்றின் புத்தகத்தைப் புரட்டினால், அந்த வண்டி எந்தத் தெருவில் வாழ்ந்து எந்தத் தெருவுக்குப் போனது என்பது பக்கம் பக்கமாகத் தெரியும்.

ஒரு ஹெரால்டு கைமாறிய பாதையும் பெரும்பாலும் ஒரே மாதிரி. முதல் உரிமையாளர் கண்ணும் கருத்துமாக வைத்துக்கொள்வார். மகன் எடுத்து ஓட்டுவான், அல்லது தெரிந்தவருக்கு விற்பார்கள். மூன்றாம் கையில் விலை சரியும்; பராமரிப்பும் சரியும். ஆலை மூடியதும் பாகம் கிடைக்காமல் போகும். கிடைத்ததைப் பொருத்துவார்கள். கார்புரேட்டர் வேறு, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், சில வண்டிகளில் எஞ்சினே வேறு. பிறகு ஒருநாள் ஓரங்கட்டி நிறுத்தினால் அது அங்கேயே மண்ணில் இறங்கும். கடைசியில் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். புதுப்பேட்டையில் பிரிந்துபோன ஹெரால்டுகளுக்குக் கணக்கு வைத்தவர் இல்லை.

உரிமையாளர்கள்: இன்று

இன்று ஹெரால்டு வைத்திருப்பவர்களை இரண்டு வகையாகச் சொல்லலாம். தாத்தாவின் கார் என்று விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் ஒரு வகை. வேறு யாரோ கைவிட்ட வண்டியைத் தேடிப்போய் வாங்கும் ஆர்வலர்கள் மற்றொரு வகை. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளால் இவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கிறார்கள். பழைய கார்களைப் பொதுமக்கள் நேரில் பார்க்கவும் இடங்கள் வந்துவிட்டன. கோவையில் ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது. வடபழனியில் ஏ.வி.எம். ஸ்டுடியோ வளாகத்தில் 2023இல் திறந்த ஏ.வி.எம். ஹெரிடேஜ் மியூசியம் இருக்கிறது.

ஆர்.சி. புத்தகத்தின் இடத்தில் இப்போது சிறு அட்டை. இன்றைய உரிமையாளர் யார், எத்தனையாவது கை என்று அட்டை சொல்லும். நடுவில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லாது. அட்டைக்கு மாறும்போது பழைய புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொண்டவரிடம் காரின் வரலாறு இருக்கிறது. வைத்துக்கொள்ளாதவரிடம் கார் மட்டும்தான் இருக்கிறது.

பட்டறை: அன்றும் இன்றும்

அன்றைய பட்டறையில் ஹெரால்டு ஒரு சாதாரண வண்டி. உடைந்த பாகத்தை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிவந்து மாலைக்குள் பூட்டி அனுப்புவார்கள். இன்று ஒரு ஹெரால்டை மீட்டெடுப்பது மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் இழுக்கும் வேலை. முறை தெரிந்தவர்கள் அதை இப்படித்தான் செய்கிறார்கள்.

முதலில் எதையும் கழற்றுவதற்கு முன் அளவெடுப்பார்கள். துண்டுகளாகப் பூட்டிய உடல் என்பதால் கதவுக்கும் உடலுக்கும் இடையே உள்ள சந்து எல்லாப் பக்கமும் சீராக வருவது போல்ட்டுகளின் இறுக்கத்தையும் இடையில் வைக்கும் தகடுகளையும் பொறுத்தது. அளவு எடுக்காமல் உடலைத் தூக்கினால் திரும்பப் பூட்டும்போது கதவு சாத்தாது. பிறகு உடலைத் தூக்கிச் சேஸிஸைத் தனியே எடுப்பார்கள். ஹெரால்டின் சேஸிஸ் நடுவில் முதுகெலும்பாக ஓட, பக்கவாட்டில் கைகள் நீளும். துரு முதலில் தின்பது அந்தக் கைகளைத்தான். அடுத்து டிக்கியின் தரை, கதவுகளின் அடிப்பகுதி. மேலே பெயின்ட் பளபளக்க அடியில் வெறும் பட்டி நிற்கும் வண்டிகளை வாங்கி ஏமாறுகிறவர்கள் இந்த இடங்களைச் சுரண்டிப் பார்க்காதவர்கள்.

முன்சக்கரத்தைத் தாங்கும் பித்தளைத் திருகு மூட்டு ஒன்று இருக்கிறது. அதற்கு கிரீஸ் வைக்கக்கூடாது, கியர் பெட்டிக்கு ஊற்றும் 90 எண்ணெய்தான் செலுத்த வேண்டும் என்பது ஆலையின் கட்டளை. கிரீஸ் நாளடைவில் கெட்டியாகி நிற்கும். தண்ணீர் உள்ளே தங்கும். எஃகுத் திருகு துருப்பிடித்து ஒருநாள் முறியும். ஓடும் வண்டியின் சக்கரம் மடங்கிவிடும். அடுத்தது எஞ்சின். கிளட்ச் பெடலை ஒருவர் மிதிக்க, முன்பக்கப் புல்லியை இன்னொருவர் கவனிக்க வேண்டும். புல்லி முன்னும் பின்னும் அசைந்தால் கிராங்க் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் பிறை வடிவ வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அவை கழன்று விழுந்தால் எஞ்சின் உடலே வீணாகும். கடைக்கண்ணால் பார்த்து நல்ல வண்டி என்று சொல்லிவிட முடியாத கார் இது.

காலம் சேர்த்த புதுச் சிக்கல்களும் உண்டு. 2000 பிப்ரவரியோடு நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்த ஈயத்தை நம்பிச் செய்த பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேயும்; கெட்டியான இருக்கைகளை லேத்தில் கடைந்து பொருத்த வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃபிரத்தையும் அது அரிக்கும். அவற்றை எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிரேக் ரப்பர், வாஷர், மூட்டுத் திருகு போன்றவை இப்போதும் கிடைக்கின்றன, ஆனால் இங்கிலாந்திலிருந்து. அன்று பெருங்களத்தூரின் மிச்சத்தை வாங்கிப்போன ரிம்மர் பிரதர்ஸ் ட்ரையம்ஃப் கார்களுக்கும் பாகம் விற்கிறார்கள். சுங்கவரி கட்டி வரவழைக்கலாம். மார்க் 3யின் பின்கதவை, அதன் கண்ணாடியை, கேசெலின் முகப்பை யார் தருவார்? உலகில் வேறெங்கும் செய்யாத பாகங்கள் அவை. நாம் சொந்தமாக யோசித்துச் செய்ததுதான் இன்று மீட்டெடுக்க மிகக் கடினமானதாக இருக்கிறது. இன்னொரு வண்டியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அல்லது கைதேர்ந்த டிங்கர் ஒருவர் தகட்டைத் தட்டித்தான் உருவாக்க வேண்டும். அப்படித் தட்டத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவருகிறது.

எஞ்சின் மாற்றலாமா?

அமெரிக்காவில் 'ஸ்ட்ரீட் ராட்' என்று ஒரு மரபு உண்டு. 1949க்கு முந்தைய காரின் உடலை வைத்துக்கொண்டு உள்ளே நவீன எஞ்சின், பிரேக், ஏசி எல்லாம் பொருத்தி அன்றாடம் ஓட்டுவார்கள். மலிவான பழைய கார்கள் குவிந்து கிடந்த நாட்டில் அது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. இங்கேயும் சில இளைஞர்கள் ஹெரால்டை அப்படிச் செய்ய ஆசைப்படுகிறார்கள். ஓட்டுவதற்கு எளிது, வழியில் நிற்காது என்பது அவர்கள் வாதம். அது பொய்யில்லை.

ஆனாலும் வேண்டாம் என்பேன். முதல் காரணம் சட்டம். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அனுமதியின்றி எஞ்சினை மாற்றிய வண்டி பதிவுக்கும் காப்பீட்டுக்கும் சிக்கலாகும். மறுபக்கம், 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதிகள் அசலைக் காப்பவருக்கு வழி விட்டிருக்கின்றன. 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றமின்றி மூல வடிவிலேயே இருக்கும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவெண் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஓட்டலாம். 1970களின் நடுப்பகுதி வரை பதிவான ஹெரால்டும் கேசெலும் அந்த வயதை எட்டிவிட்டன.

இரண்டாவது காரணம் எனக்கு அதைவிடப் பெரியது. அமெரிக்காவில் லட்சக்கணக்கில் செய்த ஃபோர்டு ஒன்றை மாற்றினால் வரலாற்றுக்குக் குறை வராது. பெருங்களத்தூரில் செய்து இன்று எஞ்சியிருப்பவை சொற்பம். அந்த 948 சி.சி. எஞ்சினைக் கழற்றி எறிவது, இந்த ஊர்த் தொழிலாளர்கள் வார்த்துக் கடைந்து பூட்டியதைக் கழற்றி எறிவதுதான்.

செய்ய வேண்டியவை

உங்கள் வீட்டுக் கொட்டகையில் ஸ்டாண்டர்டு கார் ஒன்று இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் பழைய கார் சங்கம் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். முழு வண்டியாக மீட்க முடியாவிட்டாலும், அதன் கதவும் கண்ணாடியும் இன்னொரு வண்டியைக் காப்பாற்றும். ஆர்.சி. புத்தகம், விற்பனை ரசீது, உரிமையாளர் கையேடு, காரோடு எடுத்த குடும்பப் படம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வண்டியோடு வையுங்கள். விற்றால் அந்த உறையையும் சேர்த்துக் கொடுங்கள். வண்டியை மீட்டெடுப்பவர்கள் எந்தப் பாகம் அசல், எது புதிதாகச் செய்தது, யார் செய்தார் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கதவைத் தட்டி உருவாக்கிய டிங்கரின் பெயரும் அந்தக் காரின் வரலாற்றில் இருக்க வேண்டும்.

ஸ்டாண்டர்டு கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் தாம்பரம் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பிரிவில் வேலை பார்த்தார்கள், எப்படிப் பூட்டினார்கள் என்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்த அறிவு இப்போது பதிவாகாவிட்டால் பிறகு எந்த விலை கொடுத்தும் கிடைக்காது.

தாம்பரம் மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். ஆலை நின்ற இடத்துக்கு வெளியே, ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு பெயர்ப்பலகை வையுங்கள். '1949 முதல் 1988 வரை இங்கே ஸ்டாண்டர்டு கார்கள் தயாராயின' என்ற ஒரு வரி போதும். செலவு மிகக் குறைவு. ஊருக்கு அது தரும் பெருமை பெரிது.